வண்டிக்குப் பின்னால் நிற்கிறவர்

எங்கள் முடுக்குக்குள் ஒரு வண்டி தலையைக் கொடுத்து நுழைந்தால் அப்புறம் திரும்பி வெளியே வர முடியாது. கோம்பையில் மலையைப் பார்த்துப் போகிற தெருவிலிருந்து பிரிகிற முடுக்கு அது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், கடைசியில் எங்கள் வாசல், அதோடு வழி முடிந்தது. அதனால் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு வருகிற எங்கள் ஜீப், தெருவிலேயே நின்று முதுகைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். காலையில் நேராகக் கிளம்பிவிடலாம். ரிவர்ஸ் என்றால் எங்களுக்கு அந்த முடுக்கு ஒன்றுதான். மேலே ஏலத்தோட்டத்தில் வண்டி வட்டம் போட்டுத் திரும்ப நல்ல இடம் இருக்கிறது.

ட்ரிப் ஜீப் எங்களுடையது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, பொழுது சாய இறக்கிக்கொண்டு வருகிற வண்டி. என் மகன் ஓட்டுவான். என் வீட்டுக்காரர் பின்னால் நிற்பார். வாலிபத்தில் அவரே அந்த மெட்டில் ஓட்டியவர்தான். பார்வை மங்கினதும் சாவியை மகன் கையில் கொடுத்தார். சாவியைத்தான் கொடுத்தார், வண்டியைக் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஹாரன் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முடுக்கு வாய்க்குப் போய்விடுவார். வேறு யாரும் போய் நிற்கக்கூடாது.

அவர் வண்டியை உள்ளே கூப்பிடுகிற விதம் ஒன்று உண்டு. "வரட்டும்... வரட்டும்..." என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே பின்னுக்கு நடப்பார். வண்டி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். நிற்க வேண்டுமென்றால் வாயால் சொல்ல மாட்டார். வண்டியின் பாடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. வாய் வரச் சொல்லும், கை நிற்கச் சொல்லும். அப்பனும் மகனும் அப்படிப் பழகிவிட்டார்கள். அடுப்படியில் இருந்துகொண்டே வண்டி எந்த வீட்டுச் சுவரைத் தாண்டியிருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். தட்டு விழுந்ததும் டீயை இறக்குவேன்.

அன்றைக்கு லேசாகத் தூறல் இருந்தது. நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வரட்டும், வரட்டும் என்று வந்துகொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. தட்டும் விழவில்லை. வண்டிச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். அதற்கப்புறம்தான் எஞ்சின் நின்றது.

அவர் மல்லாக்கக் கிடந்தார். பின்சக்கரம் அவரைத் தொடவில்லை. நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. பம்பர் அவர் முகத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. மழைத்தண்ணீர் அதிலிருந்து சொட்டி அவர் நெற்றியில் விழுந்தது. நான் போய் முதலில் அதைத்தான் துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். விழுமுன்னே போயிருப்பார் என்றார்கள். உடம்பில் காயம் என்று ஒன்றும் இல்லை, முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருந்தது. அந்தத் தோல் உரிந்ததை என் மகன் பார்த்துவிட்டான். தரையில் உரிந்ததா, பம்பர் பட்டு உரிந்ததா என்று அன்றைக்கு அவனுக்குள் போன கேள்வி வெளியே வரவேயில்லை.

அவன் வண்டியைத் தொடுவதை நிறுத்தினான். உத்தமபாளையத்து வாழைக்காய் மண்டியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனான். சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், கை தட்டில் நின்றுவிடும்.

"சத்தம்தேன் மொதல்ல நின்னுச்சுய்யா" என்பேன் நான். "அதுக்கப்புறம்தேன் வண்டி வந்துச்சு. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தேன் இருந்தேன். அவுக முன்னாடியே விழுந்துட்டாக."

"நீ பெத்தவ ஆத்தா" என்பான். "நீ அப்படித்தேன் சொல்லுவ."

"பெத்தவன்னா காது கேக்காதா?"

"தட்டு விழுகல. அதான் வந்தேன். அவ்வளவுதேன் எனக்குத் தெரியும்" என்று எழுந்து போய்விடுவான்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. எங்கள் தெருவில் எவளும் என்னைப் பொய்க்காரி என்று சொன்னது கிடையாது. என் சொல்லுக்கு என் மகனிடம் மட்டும் விலை இல்லாமல் போய்விட்டது.

ஜீப்பை ஓட்டக் கூலிக்கு ஓர் ஆள் வந்தான். நல்ல பிள்ளைதான். முடுக்குக்குள் மட்டும் அவனுக்குக் கை வராது. எதிர்வீட்டுச் சுவரைத் தேய்த்துத் தேய்த்து எடுப்பான். அந்த வீட்டுக்காரி, "வெள்ளையடிக்க வேற ஆளு பாக்க வேணாம், ஒங்க டிரைவரே சொரண்டிக் குடுத்துட்டாரு" என்று சிரிப்பாள். அவன் கேரளாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். தோட்டத்து சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். ஓட்ட ஆள் இல்லையென்றால் ட்ரிப்பை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவேன் என்றார். ஆள் தேடிப் பார்த்தோம், மலை ஓட்டத் தெரிந்தவன் ஒருத்தனும் சும்மா இல்லை. ட்ரிப் போனால் வண்டி போகும். வண்டி போனால் என் மகன் மறுபடி சக்கரத்தைப் பிடிக்க வழியே கிடையாது. எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. முப்பது தாண்டிய ஆம்பிளை, தகப்பனைத் தான்தான் இடித்தேன் என்று நினைத்துக்கொண்டு மூட்டை தூக்கியே முடிந்துபோவானா?

மருமகள்தான் பேச்சை எடுத்தாள். போடிக்காரி. அவள் தம்பி காரில் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, பின்னால சென்சார்னு ஒண்ணு மாட்டிக்கலாம். ஆளு நிக்க வேண்டியதில்ல. கிட்ட எதாச்சும் வந்தா அதுவே சத்தம் போடும்."

"யாரு சத்தம் போடுவா?"

"அதுதேன்."

மகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்தக் கூலி டிரைவர் கடைசியாகத் தேனிக்கு ஓட்டிக்கொண்டு போனான். நாங்கள் மூன்று பேரும் கூடப் போனோம்.

பைபாஸ் பக்கம் ஒரு சின்னக் கடை. கடைக்காரப் பையன் தாடி வைத்திருந்தான், பேச்சு நிற்காது. பின் பம்பரில் வரிசையாக நாலு ஓட்டை போட்டு, சட்டைப் பொத்தான் மாதிரி கறுப்பாக நாலு வட்டத்தை அதில் பதித்தான். வயரை உள்ளே இழுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டினான். ரிவர்ஸ் கியர் போட்டால்தான் அதற்கு உயிர் வரும் என்றான்.

"இது எப்படிப் பாக்கும்? கண்ணாடி கூட இல்லையே" என்று கேட்டேன்.

"பாக்காது பாட்டி, கேக்கும். வௌவால் தெரியும்ல?"

"எங்க புளியமரத்துல தொங்குறது முச்சூடும் அதுதேன். நீ வெசயத்தச் சொல்லு."

"அது ஒரு கத்து கத்தும், நமக்குக் கேக்காது. அந்தக் கத்து போயி மரத்துலயோ செவத்துலயோ மோதித் திரும்பி வரும். வர்ற நேரத்த வச்சு எம்புட்டுத் தூரம்னு அது கண்டுக்கும். இந்தப் பட்டனும் அப்படித்தேன். கத்திக்கிட்டே இருக்கும். பின்னால நீங்க நின்னீங்கன்னா ஒங்க மேல மோதித் திரும்பும். சீக்கிரம் திரும்புனா கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம். அப்ப உள்ள பெட்டி பீப் பீப்னு சொல்லும். நம்பரும் காட்டும்."

"நமக்குக் கேக்காமயே கத்துமா?"

"ஆமா. எந்த மனுசனுக்கும் கேக்காது."

யாருக்கும் கேட்காத குரல் ஒன்று, வண்டிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். யார் மேலாவது பட்டால்தான் திரும்பி வருமாம். அதை மெஷின் என்று அவன் சொன்னான். எனக்கு வேறு நினைப்பு வந்தது. வெளியே சொல்லவில்லை.

"பாட்டி, போயி பின்னால நில்லுங்க, காட்டுறேன்" என்றான்.

"நான் நிக்க மாட்டேன். அவ நிப்பா."

மருமகள் நின்றாள். கடைக்காரன் ஓட்ட, மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி பின்னால் வர வர, முதலில் விட்டுவிட்டுக் கேட்டது, அப்புறம் அவசரப்பட்டது, கடைசியில் ஒரே இழுப்பாக ஊளையிட்டது. வண்டி நின்றது. மகன் இறங்கி வந்து மருமகளுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பின்னால யாரும் இல்லேன்னா?" என்று கேட்டான்.

"சத்தமே வராதுண்ணே. சத்தம் இல்லேன்னா பின்னால ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்."

"இன்னொருக்காச் சொல்லு."

"சத்தம் இல்லேன்னா ஒண்ணும் இல்ல. தாராளமா வரலாம்."

அதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஏதோ இளகியது. கோம்பை வரைக்கும் அவனே ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முடுக்கு வாயில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். வியர்த்துக் கொட்டியது. ரிவர்ஸ் போட்டான். முடுக்கு முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி உள்ளே வந்தது. எங்கள் வாசல் சுவர் பக்கம் வந்ததும் பெட்டி பீப் பீப் என்றது, நிறுத்தினான். இறங்கி வந்து டீ கேட்டான். அன்றைக்கு மருமகள் அழுதாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வண்டி வரும் என்று சொன்னாள்.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அந்தச் சாயங்காலங்கள் பிடிக்கவில்லை. கூப்பிடுகிற குரல் இல்லாமல், கை தட்டு இல்லாமல், ஒரு வண்டி பின்னுக்குப் பின்னாகத் தானாக நகர்ந்து வீட்டுக்குள் வருகிறதைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விடுவேன். அவர் செத்தது கூட எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது என்று சொல்லலாம்.

ஆயுத பூசை வந்தது. ஜீப்பைக் கழுவி, நான்தான் எப்போதும் பொட்டு வைப்பேன். சந்தனத்தைக் குழைத்து பானெட்டில், ஸ்டியரிங்கில், கண்ணாடியில், சக்கரத்தில், சாவியில் என்று வைத்துக்கொண்டே வந்தேன். பின்னால் வந்தால் அந்த நாலு வட்டம். வேலை செய்கிற சாமான் எதுவோ அதற்குப் பொட்டு உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தேன். நாலு கண்ணும் திறந்த மாதிரி அழகாக இருந்தது. அப்புறம் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தேங்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தோம். வண்டி அன்றைக்கு ஓடவில்லை.

மறுநாள் சாயங்காலம் மகன் முடுக்கு வாயில் ரிவர்ஸ் போட்டதும் பெட்டி ஊளையிட்டது. விட்டுவிட்டு இல்லை, ஒரே இழுப்பு. பிரேக்கை மிதித்து இறங்கிப் பின்னால் ஓடினான். யாரும் இல்லை. கோழி கூட இல்லை. ஏறிப் போட்டான், மறுபடி ஊளை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"ஏலே, என்னடா அது?" என்றேன் வாசலில் நின்று.

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "அய்யா நிக்கிறாக ஆத்தா" என்றான்.

எதிர்வீட்டுக்காரி காதில் அது விழுந்துவிட்டது. "நான் அன்னைக்கே நெனச்சேன். அண்ணே அங்கனதேன் நிக்கிறாக. அவுகளத் தவிர வேற யாரும் வண்டியக் கூப்பிட விட்டாகளா? மெஷின வச்சா பொறுப்பாகளா?" என்றாள். தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள்ளுத் தீபம் போட்டு வந்தோம். மகன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து முடுக்கு வாயில் ரிவர்ஸ் போட்டால் அதே ஊளை. மழையும் அந்த வாரம் ஏமாற்றிவிட்டது.

அவனுக்கு ரத்தம் வற்றிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன நடந்தது என்று உள்ளபடியே சொல்கிறேன். எனக்குப் பயம் இல்லை. பெட்டி ஊளையிடுகிற நேரத்தில் நான் தலையைச் சரிசெய்துகொண்டு வண்டிக்குப் பின்னால் போவேன். பம்பருக்கு முன்னால் அந்தக் காலி இடத்தில் நிற்பேன்.

"ஏங்க, செத்த தள்ளி நில்லுங்க" என்பேன். "புள்ள பயப்படுறான்ல. அவன் வரட்டும். அப்புறம் நீங்க பாட்டுக்கு நில்லுங்க."

ஊளை நிற்காது. அவரும் ஒருநாளும் என் பேச்சைக் கேட்டு ஒதுங்கினவர் இல்லை. ஒரு டம்ளர் டீயைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வருவேன். காலையில் எறும்பு மொய்த்திருக்கும். அவர் இருக்கிறார் என்று ஒரு பெட்டி சொல்கிறது, நான் எப்படி இல்லை என்பேன்?

ஒருநாள் அவன் வண்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினான்.

"நாளைக்கு நான் போகல. சூப்பர்வைசருக்குச் சொல்லிரு" என்றான் மருமகளிடம்.

"போகலன்னா?"

"இனிமே போகல."

மருமகள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சூப்பர்வைசருக்குத்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் தேனிக் கடைக்குப் பேசியிருக்கிறாள். அழுக்கோ சேறோ பட்டனை மூடியிருந்தாலும் அப்படித்தான் கத்தும், துடைத்துப் பாருங்கள் என்று கடைக்காரப் பையன் சொல்லியிருக்கிறான். தெருவில் நின்ற வண்டிக்குப் பின்னால் அவள் குனிந்ததும், "அத்தை, இங்கன வாங்க!" என்று சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் போனேன். சந்தனம் காய்ந்து கல் மாதிரி நாலு வட்டத்திலும் ஒட்டியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஈரத்துணியால் துடைத்தாள். மகனை இழுத்து வந்து உட்கார வைத்தாள். ரிவர்ஸ் போடச் சொன்னாள். ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீகளா? சந்தனத்துலதேன் அது கத்திருக்கு. ஒங்க அய்யா இல்ல" என்றாள்.

நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். பொட்டு வைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். இரண்டாம் தடவை தாலியறுத்த மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இதோடு முடிந்தது, அவன் தெளிந்துவிடுவான் என்று மருமகள் நினைத்தாள். அவன் தெளியவில்லை. வண்டியை முடுக்குக்குள் கொண்டுவந்து, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சோதனையை ஆரம்பித்தான். பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் வைத்து வண்டியை எடுத்தான், கத்தியது. தவிட்டு மூட்டையை நிறுத்தி வைத்தான், கொஞ்சம் தாமதமாகக் கத்தியது. அப்புறம் அதே மூட்டையைத் தரையில் படுக்கப் போட்டான். நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி வந்தது. பெட்டி பேசாமல் இருந்தது. இன்னும் வந்தது. பம்பர் மூட்டைக்கு மேலே போய் நின்றது. பெட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் இறங்கி வந்து மூட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்தான்.

"நின்னா கத்துது. கெடந்தா கத்தல" என்றான். "பட்டன் மேல இருக்கு. கீழ கெடக்குறது அதுக்குத் தெரியல."

அவன் இத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. இந்தப் பெட்டியை முன்னாடியே மாட்டியிருந்தால் அய்யா இருந்திருப்பார் என்று நினைத்திருக்கிறான். ஒவ்வொரு சாயங்காலமும் அதைக் கேட்டுக்கேட்டு அதையேதான் நினைத்திருக்கிறான்.

"இது இருந்திருந்தாலும் பிரயோசனம் இல்ல" என்றான்.

மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் போடிக்காரி பேச்சு. "மெஷினுக்கே தெரியல. கண்ணாடியிலயும் தெரியாது. அப்புறம் முன்னால உக்காந்திருந்த ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்? ஒங்க முதுகுல கண்ணு இருந்துச்சா? அத்தை ஒரு வருசமாத் தொண்ட காயச் சொல்றாக, சத்தம்தேன் மொதல்ல நின்னுச்சுன்னு. அவுக சொன்னா பெத்தவன்னு தள்ளிவிடுறீக. நின்னவர் மேல முட்டிருந்தா ஒரு அய்யோன்னு கூடவா வந்திருக்காது? பட்டுன்னு சொல்றேன், கேட்டுக்கங்க, நாளைக்கு நீங்க போகலன்னா நான் சாவிய எடுத்துக்கிட்டு ஓட்டப் பழகுவேன். மலையில உருண்டாலும் சரி."

அவன் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விடிவதற்கு முன்னால் முடுக்கு வாயில் பெண்கள் கூடிவிட்டார்கள். தூக்குச்சட்டி சத்தமும் பேச்சும் கேட்டது. அவன் எழுந்து முகம் கழுவினான். ஆணியைப் பார்த்தான். சாவியை எடுத்தான். நான் சேலையைச் சரிபண்ணிக்கொண்டு போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எங்க ஆத்தா?"

"சும்மாதேன். மெட்டைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

பெண்களில் ஒருத்தி, வாய் நீளமானவள், "இன்னைக்குப் பெரியம்மாவும் ஏலக்கா எடுக்க வாராகளா? கூடயத் தூக்க நாங்க ஆளு வைக்கணும்" என்றாள். எல்லாம் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்து, "ஒன்னயவிட வெரசா எடுப்பேன், வாய மூடிட்டு ஏறு" என்றேன்.

கம்பம் தாண்டி மெட்டு ஏறும்போது பனி இறங்கியிருந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தான். பாதி ஏற்றத்தில், ஒரு வளைவைத் திரும்பியதும் எதிரே பஸ் நின்றது. ஒதுங்க இடமில்லை. பஸ் டிரைவர் கையை ஆட்டி, பின்னால் போ என்றார். எங்களுக்குப் பின்னால் கீழ்வளைவில்தான் கொஞ்சம் அகலம் இருந்தது.

அவன் ரிவர்ஸ் போட்டான். பெட்டிக்கு உயிர் வந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தை அந்தப் பெட்டி பார்க்காது. அவன் தலையை வெளியே நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தான். வண்டி நகரவில்லை. பஸ் ஹாரன் அடித்தது.

பின்னால் இருந்து அந்த வாய் நீளமானவள் ஆரம்பித்தாள். "வரட்டும்... வரட்டும்..." என்று என் வீட்டுக்காரர் இழுக்கிற மாதிரியே இழுத்தாள். அவளுக்கு அவரைத் தெரியும். எத்தனையோ நாள் அதைக் கேட்டு இறங்கிப் போனவள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பனிக்குள் அத்தனை பேரும் வரட்டும், வரட்டும் என்றார்கள். நானும் வாயைத் திறந்தேன்.

"யாரும் பேசாதீக!" என்று கத்தினான் அவன். "ஆத்தா, நீயும் பேசாத. பேசிக்கிட்டிருக்க சத்தம் நின்னா எனக்கு என்னன்னு தெரிய மாட்டேங்குது."

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். தூக்குச்சட்டி கூட ஆடவில்லை.

அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு ஏறியது. அவனுக்கு வேண்டியது ஒரு குரல் இல்லை. குரல் ஒரு தடவை அவனை நடுவழியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சத்தம் இல்லையென்றால் யாரும் இல்லை என்று ஒருத்தர் சொல்ல வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. யாரும் இல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு நிம்மதி. எனக்கு அது எப்படி நிம்மதியாகும்? ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி அடியடியாகப் பின்னால் இறங்கியது. பெட்டி பேசவில்லை. பின்னால் யாரும் இல்லை, யாரும் இல்லை என்று அது அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டே வந்தான். நானும் கேட்டேன். என் ஆயுசில் நான் அத்தனை கவனமாக எதையும் கேட்டதில்லை. கடைசியில் மலைச்சுவர் பக்கம் பீப் பீப் என்றது. நிறுத்தினான்.

பஸ் எங்களை உரசுகிற மாதிரி இறங்கிப் போனது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டான். எனக்குத் திரும்பி ஒரு பார்வை பின்னால் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. வண்டி ஏற ஆரம்பித்துவிட்டது.